பிலடெல்பியாக்காரர்கள் ஒரு பாக்கெட் கேக்குக்கு ஏன் இப்படி உருகுகிறார்கள்?

கேள்வி இதுதான்: பிலடெல்பியாவில் வேலை பார்க்கும் அண்ணன் லீவுக்கு வரும்போது ஒரு பெட்டி டேஸ்டிகேக் கொண்டுவந்தார். அந்த ஊரில் இதற்கு உயிரையே விடுவார்கள் என்றார். பிரித்துச் சாப்பிட்டால் சாதாரண பாக்கெட் கேக் மாதிரிதான் இருந்தது. இதில் அப்படி என்ன இருக்கிறது, அந்தக் கம்பெனியின் கதை என்ன?

உங்கள் நாக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. விமானம் ஏறி, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே நசுங்கி வந்து சேர்ந்த டேஸ்டிகேக் சாதாரண பாக்கெட் கேக்தான். அந்த ஊர்க்காரர்கள் மனசைக் கொடுத்தது அதற்கு இல்லை. முந்தின நாள் சுட்டு, காலையில் வண்டியில் வந்து, தெருமுனைக் கடையில் இறங்கிய கேக்குக்கு. இந்தக் கம்பெனியின் கதையை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் அந்த விநியோக வண்டியில்தான் போய் முட்டும். கம்பெனி வளர்ந்தது அதனால், 1960இல் ஊரின் கறுப்பின மக்கள் திரண்டு மல்லுக்கு நின்றது அதன் ஓட்டுநர் இருக்கைக்காக.

1914இல் இருவர் சேர்ந்து தொடங்கிய தொழில் இது. ஒருவர் பிலிப் பாவர். பிட்ஸ்பர்க்கில் பேக்கரி நடத்திய குடும்பம். அந்தக் குடும்ப பேக்கரி வார்ட் என்ற பெரிய ரொட்டிக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. இன்னொருவர் ஹெர்பர்ட் மாரிஸ், பாஸ்டனைச் சேர்ந்த முட்டை வியாபாரி. பேக்கரிகளுக்கு முட்டை விற்றுப் பழகியவர், ஆக எந்த பேக்கரி நல்ல முட்டை போடுகிறது, எது மிச்சம் பிடிக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருந்திருக்கும். இருவரும் பிலடெல்பியாவுக்கு வந்து டேஸ்டி பேக்கிங் கம்பெனி என்று பெயர் வைத்தார்கள். கேக்கின் மாதிரியைச் சாப்பிட்டுப் பார்த்த மாரிஸின் மனைவி வைத்த பெயர் என்று கம்பெனி வழக்கமாகச் சொல்லும்.

அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் கேக் என்றால் வீட்டில் சுடுவது, இல்லாவிட்டால் பேக்கரிக்குப் போய் முழுதாக வாங்கி வருவது. மளிகைக் கடையில் பெரிய பலகை மாதிரி கேக்கை வைத்து வெட்டிக் கொடுப்பதும் உண்டு. ஈ மொய்க்கும், ஓரம் காயும். பாவரும் மாரிஸும் யோசித்தது ரொம்ப எளிமையான விஷயம். ஒருவர் சாப்பிடுகிற அளவுக்குச் சின்னதாகச் சுட்டு, பேக்கரியிலேயே சுற்றிக் கட்டி, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் தினமும் புதிதாக வைத்துவிட வேண்டும். விலை 10 சென்ட். மாரிஸ் சரக்கை எடுத்துக்கொண்டு முதன்முதலில் கடை கடையாகப் போனபோது விற்றது 28 டாலர் 32 சென்ட்டுக்கு. அந்த வருஷம் முடிவதற்குள் விற்பனை 3 லட்சம் டாலர். நாலைந்து வருஷத்தில் பத்து லட்சத்தைத் தொட்டது. 1922இல் வட பிலடெல்பியாவில் ஹன்டிங் பார்க் அவென்யூவில் பல மாடித் தொழிற்சாலை எழும்பியது. அடுத்த 88 வருஷம் அதே கட்டடம்தான்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தின்பண்டம் ஏன் ஒரு வட்டாரத்தோடு ஒட்டிக்கொள்கிறது? மண், தண்ணீர், கைமணம் என்று நாம் சொல்வதெல்லாம் சில பண்டங்களுக்குப் பொருந்தும். பாக்கெட் கேக்குக்குப் பொருந்தாது. அதைக் கட்டிப்போடுவது வயசு. ஸ்பாஞ்ச் கேக் சுட்டு ஆறியதுமே பழசாகத் தொடங்கிவிடுகிறது. மாவிலிருக்கும் ஸ்டார்ச் மெல்ல இறுகும், கேக் ஈரத்தை விட்டு வறண்டு உதிரும். மேலே ஐசிங் பூசினால் கேக்குக்கும் ஐசிங்குக்கும் நடுவே ஈரம் இடம் மாறி, ஒன்று காய, இன்னொன்று பிசுபிசுக்கும். கெடாமல் காக்கும் ரசாயனங்களும் நல்ல பிளாஸ்டிக் உறையும் இல்லாத காலத்தில், வண்டி ஒரு நாளில் எவ்வளவு தூரம் போய் வருமோ அதுவே அந்தக் கேக்கின் நாடு. டேஸ்டிகேக்குக்கு அந்த நாடு பிலடெல்பியா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெற்கு நியூ ஜெர்சி, கீழே டெலவேர். நியூ யார்க் பக்கம் டிரேக்ஸ் என்ற பெயர் கோலோச்சியது. டென்னசியில் சட்டனூகா பேக்கரி 1917இலிருந்து மூன்பை என்ற தின்பண்டத்தைப் போட்டது. ட்விங்கி என்ற பாக்கெட் கேக் 1930இல் சிகாகோ பக்கத்தில் பிறந்தது. இப்படி ஊருக்கு ஊர் ஒன்று இருந்ததற்குக் காரணம் ரசனை வேறுபாடு மட்டும் இல்லை, பெரும்பாலும் வண்டியின் எல்லை.

ஆக டேஸ்டிகேக் கம்பெனியின் உண்மையான சொத்து அடுப்பு இல்லை, வழித்தடம். ஆரம்பத்தில் குதிரை வண்டி, அப்புறம் மோட்டார் வண்டி. அதை ஓட்டியவர் வெறும் டிரைவர் இல்லை, விற்பனையாளரும் அவரே. கடையில் எது எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்து இறக்குவது, அலமாரியில் அடுக்குவது, விற்காமல் நாள் கடந்த சரக்கைத் திரும்ப எடுப்பது எல்லாம் அவர் வேலை. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் கம்பெனி என்றால் அந்த ஆள்தான். சம்பளத்தோடு கமிஷனும் வரும். கல்லூரிப் பக்கமே போகாதவர் வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடிகிற வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேக். 1927இல் வந்தது பட்டர்ஸ்காட்ச் கிரிம்பெட். உங்கள் அண்ணன் கொண்டுவந்த பெட்டியில் அநேகமாக இதுதான் இருந்திருக்கும். விரல் நீளத்துக்கு, ஓரம் வளைந்து வளைந்து இருக்கும் ஸ்பாஞ்ச். மேலே வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் கலந்த வாசத்தோடு ஓர் ஐசிங். பட்டர்ஸ்காட்ச் என்றதும் நம் ஊர் ஐஸ்கிரீமில் பல்லில் நொறுங்கும் மணிகளை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இது மெத்தென்று, இனிப்பு தூக்கலாக, அடியில் லேசான உப்புச் சுவையோடு இருக்கும். க்ரீம் நிரப்பியது இல்லை. அப்புறம் 1930களில் கையடக்கமான ‘பை’ (pie, உள்ளே பழம் வைத்துச் சுடுவது) வகைகள் வந்தன: ஆப்பிள், செர்ரி, எலுமிச்சை என்று. அதே சமயத்தில் வந்ததுதான் டேண்டி டேக், பின்னாளில் கேண்டி கேக் என்று பெயர் மாறியது. வட்டமான சின்ன ஸ்பாஞ்ச், அதன் மேல் வேர்க்கடலை வெண்ணெய், சுற்றிலும் சாக்லேட் உறை. என்னைக் கேட்டால் இந்தக் கம்பெனி செய்ததிலேயே உருப்படியானது இதுதான். கிரிம்பெட்டுக்குக் கிடைக்கும் புகழில் பாதி வயசுக்குக் கிடைப்பது. கேண்டி கேக்குக்கு அந்தச் சலுகையே வேண்டாம்.

கிரிம்பெட்டைப் பற்றி அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வித்தை உண்டு. ஐசிங் பாக்கெட்டின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே பிரித்தால் கேக் மொட்டையாக வரும், ஐசிங் எல்லாம் பிளாஸ்டிக்கில் நிற்கும். அதனால் பிரிக்கும் முன் பாக்கெட்டைக் கவிழ்த்து மேசை மேலோ தொடையிலோ பரபரவென்று தேய்ப்பார்கள். அந்தச் சூட்டில் ஐசிங் உறையை விட்டுவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்வது. வெளியூர்க்காரரை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உங்களுக்கு வந்த கிரிம்பெட் மொட்டையாக இருந்திருந்தால் காரணம் புரிந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டுப் பை, பேஸ்பால் ஆட்ட வர்ணனைக்கு நடுவே வரும் விளம்பரம், டேஸ்டிகேக் போல் வேறு யாரும் கேக் சுடுவதில்லை என்கிற அந்த விளம்பரப் பாட்டு, 1964க்குப் பிறகு வாவா என்ற அந்த வட்டாரத்துத் தொடர் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்து அலமாரி: இப்படித்தான் இரண்டு மூன்று தலைமுறைக்கு இது ஊரின் அடையாளமாக ஆனது. இதெல்லாம் எந்த ஊர்த் தின்பண்டத்துக்கும் நடப்பது. பிலடெல்பியாவில் மட்டும் நடந்த ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். டேஸ்டிகேக்கைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிறவர்களில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஹன்டிங் பார்க் தொழிற்சாலை இருந்தது வட பிலடெல்பியாவில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதியில் கறுப்பின மக்கள் பெருமளவில் குடியேறியிருந்தார்கள். அவர்கள் டேஸ்டிகேக் வாங்கினார்கள், தொழிற்சாலைக்குள் சில வேலைகளிலும் இருந்தார்கள். ஆனால் மேலே சொன்னேனே, அந்த விற்பனை வண்டி ஓட்டும் வேலை, அது அவர்களுக்குக் கிடையாது. அலுவலக எழுத்தர் வேலையும் கிடையாது. கேக்குக்கு ஐசிங் பூசும் பிரிவில் வெள்ளைப் பெண்கள் மட்டும். கறுப்பர்கள் வாழும் தெருவில் கறுப்பர் நடத்தும் கடைக்குக் கேக் இறக்குவதும் வெள்ளை ஓட்டுநர்தான்.

1960இல் நகரத்தின் கறுப்பின தேவாலயப் போதகர்கள் சுமார் 400 பேர் கைகோத்தார்கள். முன்னால் நின்றவர் ஜயன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் லியோன் சல்லிவன். அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த கம்பெனி டேஸ்டி பேக்கிங். ஒரு சிறு குழு நேரே போய்க் கோரிக்கை வைத்தது. கோரிக்கையைப் பாருங்கள், எவ்வளவு சின்னது: இரண்டு கறுப்பின ஓட்டுநர்-விற்பனையாளர்கள், இரண்டு எழுத்தர்கள், ஐசிங் பிரிவில் மூன்று நான்கு பெண்கள். நிர்வாகம் பிடி கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானூறு பிரசங்க மேடைகளிலிருந்து ஒரே செய்தி போனது: டேஸ்டிகேக் வாங்காதீர்கள்.

இந்த இயக்கத்தின் அமைப்பு எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. தலைவர் கிடையாது, பொருளாளர் கிடையாது, கூட்டக் குறிப்பேடு கிடையாது. வழக்குப் போட யாரையாவது தேடினால் கையில் ஆள் சிக்காது. புறக்கணிப்பு என்ற சொல்லைக்கூட அவர்கள் பயன்படுத்தவில்லை. எங்கே வாங்குவது என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான் என்றார்கள். பெரிய செய்தித்தாள்கள் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் நட்டமும் இல்லை, வாரா வாரம் தேவாலயத்தில் சேதி போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றையும் யோசியுங்கள். சீக்கிரம் பழசாகும் சரக்கு என்பது புறக்கணிப்பில் எவ்வளவு பெரிய பலவீனம்! இரும்போ எண்ணெயோ என்றால் கிடங்கில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். விற்காத கேக்கை வண்டிக்காரர் மறுநாளே திரும்ப எடுத்து வர வேண்டும். கம்பெனியைத் தூக்கி நிறுத்திய அதே ஏற்பாடு அந்தக் கோடையில் அதன் கழுத்தைப் பிடித்தது. சுமார் இரண்டு மாதத்தில் நிர்வாகம் இறங்கி வந்து, கேட்ட ஆட்களை வேலைக்கு எடுத்தது.

அதோடு நிற்கவில்லை. அடுத்த மூன்று வருஷத்தில் பெப்சி, சன் ஆயில், கல்ஃப் என்று பெரிய பெரிய கம்பெனிகள் அதே வழியில் பேச்சுவார்த்தைக்கு வந்தன. வேலை கிடைத்தால் போதாது, வேலைக்குப் பயிற்சி வேண்டும் என்று சல்லிவன் 1964இல் ஒரு பழைய காவல் நிலையக் கட்டடத்தில் தொழிற்பயிற்சி மையம் திறந்தார். மார்ட்டின் லூதர் கிங் இவரிடம் கேட்டறிந்து, தன் இயக்கத்தின் கீழ் அட்லாண்டாவில் ஆபரேஷன் பிரெட்பாஸ்கெட் என்று அதே முறையைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தும் அமெரிக்கக் கம்பெனிகள் நிறவெறிச் சட்டங்களைத் தங்கள் ஆலைக்குள் விடக்கூடாது என்று 1977இல் வந்த சல்லிவன் கொள்கைகளும் இதே மனிதருடையவைதான். அந்த நீண்ட பாதையின் முதல் படி, கிரிம்பெட் வண்டியின் ஓட்டுநர் இருக்கை.

கம்பெனியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அறுபதுகளின் பிற்பாதியில் அந்தப் பகுதி தேய்ந்துகொண்டிருந்தது. பல ஆலைகள் புறநகருக்கோ தெற்கு மாநிலங்களுக்கோ மூட்டை கட்டின. டேஸ்டி பேக்கிங் போகவில்லை. அப்போது அதை நடத்திய பால் கைசர் 1968இல் அலெகெனி வெஸ்ட் என்ற அந்த வட்டாரத்தின் வீடுகளைப் பழுதுபார்த்து மீட்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அது பின்னர் அறக்கட்டளையாகப் பல காலம் இயங்கியது. நல்ல மனசா, தொழில் கணக்கா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன்.

அதற்குப் பிறகான கதை வேகமாகச் சொல்லக்கூடியது. 1980களில் வழித்தடங்களை ஓட்டுநர்களுக்கே விற்று, அவர்களைத் தனித்தொழில் முனைவோராக்கினார்கள். கெடாமல் வைக்கும் நுட்பமும் முன்னேறியது, கேக் இன்னும் கொஞ்ச தூரம் பயணிக்க முடிந்தது. மாடி மாடியாக இருந்த பழைய ஆலையில் மாவும் கேக்கும் மேலேயும் கீழேயும் போய் வர வேண்டும், செலவு கூடிக்கொண்டே போனது. 2010இல் நகரத்தின் தென்கோடியில், பழைய கடற்படைத் தளமான நேவி யார்டில், கடன் வாங்கிப் புது ஆலைக்குக் குடிபெயர்ந்தார்கள். நேரம் சரியில்லை. புது இயந்திரங்கள் படியும் வரை சிக்கல், சர்க்கரை முதலான சரக்கு விலை ஏற்றம், போதாக்குறைக்கு அதே வருஷம் டிசம்பரில் பெரிய வாடிக்கையாளரான ஏ அண்டு பி பல்பொருள் அங்காடிக் குழுமம் திவால் மனு கொடுத்தது. கையில் காசு வற்றியது. 2011இல் ஜார்ஜியா மாநிலத்தின் தாமஸ்வில்லில் இருக்கும் ஃபிளவர்ஸ் ஃபுட்ஸ் பங்குக்கு 4 டாலர் வீதம், ஏறக்குறைய 3.4 கோடி டாலருக்குப் பங்குகளை வாங்கியது. கடன்களும் அதன் தலையில் சேர்ந்தன. 97 வருஷம் தனித்து நின்ற கம்பெனி கைமாறியது. ஹன்டிங் பார்க்கில் பழைய ஆலை நின்ற இடத்தில் இன்று பேக்கர்ஸ் சென்டர் என்ற கடை வளாகம் இருக்கிறது.

கைமாறிய பிறகு சுவை மாறிவிட்டதா? பிலடெல்பியாவில் இதைக் கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். ஃபிளவர்ஸ் கம்பெனிக்குத் தெற்கு மாநிலங்களில் பரந்த விநியோக வலை இருக்கிறது. டேஸ்டிகேக்கை அதில் ஏற்றினார்கள். இன்று புளோரிடாவிலும் வாங்கலாம். நெடுந்தூரம் போகிற கேக் நெடுநாள் தாங்க வேண்டும், நெடுநாள் தாங்குகிற கேக் முந்தின நாள் சுட்ட கேக் மாதிரி இருக்க முடியாது. என் கருத்து, குற்றவாளி ஒரே கைமாற்றம் இல்லை. வழித்தடம் நீளத் தொடங்கிய நாளிலிருந்தே இது நடந்துகொண்டிருந்தது. ஐம்பது வயசுக்காரர்கள் ஏங்குவதில் பள்ளிப்பருவமும் கலந்திருக்கும், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் அடுத்த முறை வரும்போது என்ன கேட்கலாம் என்றால், கிரிம்பெட்டை விட்டுவிடுங்கள், வேர்க்கடலை வெண்ணெய் கேண்டி கேக் கேளுங்கள். சாக்லேட் உறை இருப்பதால் அது வறளாமல் பயணத்தைத் தாங்கும். வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிரச் சாப்பிடுங்கள், அந்த ஊரிலும் பலர் அப்படித்தான். ஏப்ரல், மே வேண்டாம், உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வீட்டில் சைவம் என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். இவற்றில் முட்டை உண்டு, அமெரிக்கப் பாக்கெட் கேக்குகளில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. நீங்களே பிலடெல்பியா போக வாய்த்தால் ஏதாவது ஒரு வாவாவில் நுழைந்து, தேதியைப் பார்த்து இருப்பதிலேயே புதுசாக ஒரு கிரிம்பெட் எடுங்கள். பிரிக்கும் முன் தேய்க்க மறக்காதீர்கள்.